மலை மேலே சர்க்கரை குறைகிறது, சரி. கண்ணும் சிறுநீரகமும்?

"மலையில் இருக்கிறவர்களுக்கு சுகர் வராதாமே?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேலே குடியிருக்கிறேன், டைப் 2 சர்க்கரை நோயும் எனக்கு இருக்கிறது. இரண்டும் தெரிந்த பிறகும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "அப்படியென்றால் உங்களுக்கு நல்லதுதானே, தானாகவே கட்டுப்பட்டுவிடும்" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதைக் கொஞ்சம் விலாவாரியாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நம்பி மாத்திரையைத் தாங்களாகவே குறைத்துக்கொள்கிறவர்களையும், "சுகர்தான் நார்மலாக இருக்கிறதே" என்று கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

முதலில் உண்மையான பகுதி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் குளுக்கோஸ் அளவு கடலோரத்தில் வசிப்பவர்களைவிடக் குறைவாக இருக்கிறது என்பது பெரு நாட்டு மருத்துவ ஆய்வாளர்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே தெரியும். 2014-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, 1,500 முதல் 3,500 மீட்டர் வரையிலான உயரத்தில் வசிப்பவர்களை 500 மீட்டருக்குக் கீழே வசிப்பவர்களோடு ஒப்பிட்டது. வயது, உடல் எடை, உடலுழைப்பு போன்றவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் மேலே இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் ஆண்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது, பெண்களிடம் தெரியவில்லை. பகிரப்படும் செய்திகளில் இந்தக் கடைசி வரி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

அப்புறம், இது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு. இன்றைக்கு மேலே இருப்பவர் யார், கீழே இருப்பவர் யார் என்று மட்டும்தான் அது சொல்லும். இதயமோ நுரையீரலோ சரியில்லாமல் போனவர்கள் உயரத்தில் தாங்க முடியாமல் கீழே இறங்கிவிடுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். இறங்கிப்போன அந்த நோயாளிகளில் சர்க்கரை நோயாளிகளும் இருப்பார்கள், அவர்கள் மலைக் கணக்கிலிருந்து போய் சமவெளிக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். உயரத்துக்கே ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை ஒரு சதவீதத்தை வைத்து முடிவுகட்டிவிட முடியாது.

சரி, ஏன் குறைகிறது? பலரும் நினைப்பதுபோல உயரம் ஏற ஏற காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. எங்கே போனாலும் அது 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், 3,500 மீட்டரில் அது 500-க்குப் பக்கத்தில் வந்துவிடும், 5,500 மீட்டரில் பாதியாகிவிடும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் குறைகிறது. விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் கடற்கரையில் 98 காட்டினால், இங்கே நன்றாக உடல் பழகிய பிறகும் 90-ஐ ஒட்டித்தான் நிற்கும். உலகில் எட்டு கோடிப் பேருக்கும் மேல் 2,500 மீட்டரையும் தாண்டிய உயரத்தில் வாழ்கிறார்கள். பொலிவியாவின் லா பாஸ், திபெத்தின் லாசா போன்ற பெரிய நகரங்களே 3,600 மீட்டரைத் தாண்டி இருக்கின்றன. ஆக, இது மலையேற்ற வீரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை, அன்றாடம் அங்கே வேலைக்குப் போய் வருகிற, வயதாகிற, மாத்திரை சாப்பிடுகிற சாதாரண மனிதர்களின் பிரச்சினை.

ஆக்சிஜன் குறைந்தால் செல்கள் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஹிஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு புரதம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அது உடனுக்குடன் சிதைக்கப்பட்டுவிடும், குறைந்தால் சிதையாமல் தங்கி, செல்லின் உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். இந்தக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்ததற்குத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஹிஃப் முடுக்கிவிடும் வேலைகளில் ஒன்று, குளுக்கோஸைச் செல்லுக்குள் இழுக்கும் வாயில்களை அதிகரித்து, ஆக்சிஜன் இல்லாமலேயே அதை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையைப் பலப்படுத்துவது. இன்னொன்று, புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் விஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்க வைப்பது. மூன்றாவது, சிறுநீரகத்தில் எரித்ரோபொய்ட்டினைச் சுரக்கச் செய்து சிவப்பணுக்களைப் பெருக்குவது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை குறைவதும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் வரும் தொல்லையும் இதே மூன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

தசைகளில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஆக்சிஜன் பற்றாக்குறையே இன்சுலினின் துணை இல்லாமல் குளூட்-4 என்ற குளுக்கோஸ் வாயிலைத் தசைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவரும், உடற்பயிற்சி செய்யும்போது நடப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத உடம்புக்கு இது பெரிய உதவி. அப்புறம் சிவப்பணுக்கள். இவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, ஆகவே குளுக்கோஸை விட்டால் வேறு எரிபொருளும் கிடையாது. உயரத்தில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை கூடுகிறது, அதோடு ஒவ்வொரு அணுவும் திசுக்களுக்கு ஆக்சிஜனைச் சுலபமாக விட்டுக்கொடுக்க உதவும் ஒரு பொருளை அந்த குளுக்கோஸிலிருந்தே தயாரிக்கிறது. குறைந்த ஆக்சிஜனில் வளர்க்கப்பட்ட எலிகளில், ரத்தத்திலிருந்து காணாமல் போகிற குளுக்கோஸின் கணிசமான பங்கு இந்தச் சிவப்பணுக்களுக்குள்தான் போகிறது என்பது அண்மை ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. உடம்பில் குளுக்கோஸ் என்றாலே தசையையும் கல்லீரலையும் மட்டும் பேசிப் பழகிய எனக்கு இது உண்மையிலேயே ஆச்சரியம்.

ஆனால் இதெல்லாம் உடல் பழகிய பிறகு. மேலே போன முதல் சில நாட்களில் நடப்பது நேர் எதிர். அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறுகின்றன, இன்சுலினின் வேலை மந்தமாகிறது, சர்க்கரை கூடுகிறது. இரண்டு மூன்று நாள் சுற்றுலாவாக வந்து, "மலைக்கு வந்தும் எனக்கு ஏறித்தான் இருக்கிறது" என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் விளக்கம். கூடவே இன்னொன்றும் நடக்கும்: பசி எடுக்காது, நடை அதிகமாகும். ஆகவே காலையில் அதிகம் காட்டிய மீட்டர் மாலையில் ஒரேயடியாகக் கீழே விழவும் செய்யும். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிக முறை சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தூக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. உயரத்தில் தூங்கும்போது மூச்சு சீராக இருக்காது, வேகமாக நாலைந்து மூச்சு, பிறகு ஒரு நிறுத்தம், மறுபடி வேகம் என்று போகும். ஏற்கெனவே குறட்டையும் தூக்க மூச்சுத்திணறலும் உள்ள பருத்த உடம்புக்காரருக்கு இது இரட்டிப்பாகும். நாள் முழுக்க ஒரே சீராகக் குறைந்த ஆக்சிஜன் ஒரு வகை, இரவெல்லாம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும் ஆக்சிஜன் வேறு வகை. இரண்டாவது இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். "உயரம் நல்லது" என்ற பேச்சு முழுக்க முதல் வகையை வைத்தே நடக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோயில் நம்மைக் கடைசியில் முடக்குவது ரத்தத்தில் உள்ள எண் இல்லை, அந்த எண் பல ஆண்டுகள் அதிகமாக இருந்ததால் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கு ஏற்பட்ட சேதம். விழித்திரை, சிறுநீரகம், நரம்பு எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான்: குழாய் கெட்டுப்போகிறது, அது ஊட்டிய திசுவுக்கு ஆக்சிஜன் போதவில்லை. ஆக, சேதம் தொடங்கிவிட்ட உடம்பு ஏற்கெனவே சில இடங்களில் ஆக்சிஜன் பஞ்சத்தில்தான் இருக்கிறது. அந்த உடம்பை ஆக்சிஜன் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்த இடத்துக்குக் கொண்டுபோகிறோம். சர்க்கரை இருபது புள்ளி குறைந்தது என்று சந்தோஷப்படும்போது, இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டாமா?

இதில் இன்னும் கவலைக்குரிய ஒரு முடிச்சு உண்டு. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் காட்டியபடி, அதிக குளுக்கோஸில் கிடக்கிற செல்களில் ஹிஃப் புரதம் சரியாக நிலைப்பதில்லை. ஆக்சிஜன் குறைகிறது, ஆனால் அந்தச் செய்தி பல திசுக்களில் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. சர்க்கரை நோயாளியின் காயம் ஆறாமல் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதை உயரத்தோடு சேர்த்து யோசித்தால், உயரத்தின் நன்மைகளை நமக்குத் தரவேண்டிய அதே புரதம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவரிடம்தான் மிகவும் பலவீனமாக இருக்கிறது. யாருக்கு மலை உதவ வேண்டும் என்று நினைக்கிறோமோ அவருக்கு அது குறைவாகவே உதவும். முதலில் மருந்தால் கட்டுப்பாடு, பிறகுதான் உயரம் தரும் சலுகை என்ற வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

கண்ணை எடுத்துக்கொள்வோம். எடைக்கு எடை பார்த்தால் உடம்பில் அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று விழித்திரை. அதுவும் இருட்டில், அதாவது நாம் தூங்கும்போது, அதன் செலவு இன்னும் கூடும். சர்க்கரையால் நுண்குழாய்கள் அடைபட்டுப் பட்டினி கிடக்கும் விழித்திரை, விஈஜிஎஃப்-ஐச் சுரந்து புதிய குழாய்களை அழைக்கிறது. வருகிற குழாய்கள் பலவீனமானவை, கசியும், உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், தழும்பாகி விழித்திரையை இழுத்துக் கிழிக்கும். கண் மருத்துவர்கள் இதற்கு லேசர் வைப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ஓரத்து விழித்திரையில் ஆக்சிஜன் செலவழிக்கும் செல்களை ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பொசுக்கி, மொத்தத் தேவையைக் குறைத்து, நடுப் பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். சிகிச்சையே ஆக்சிஜன் பட்ஜெட்டைச் சரிக்கட்டுவதுதான். எந்தக் குறையும் இல்லாத மலையேறிகளின் விழித்திரையிலேயே மிக அதிக உயரத்தில் சிறு ரத்தக்கசிவுகள் வருவது நன்றாகத் தெரிந்த விஷயம், பெரும்பாலும் அவை தாமாக ஆறிவிடும். புதிய குழாய்கள் முளைத்த கண்ணோடு, சிகிச்சை எடுக்காமல், மேலே குடியேறுவது எனக்குச் சம்மதமே இல்லை. கண்ணைச் சொட்டு மருந்து விட்டு விரித்துப் பார்க்கிற பரிசோதனையை முடித்து, லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ தேவைப்பட்டால் அதையும் முடித்து, நிலைத்த பிறகு ஏறட்டும்.

இதைச் சொல்லும்போது என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சர்க்கரையால் விழித்திரை இழுபட்டு அவளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. விழித்திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, "இங்கே சும்மா படுத்துக் கிடப்பதற்கு உன் வீட்டுக்கு வந்து இருக்கிறேனே, காரில்தான் வருகிறேன், விமானம் வேண்டாம் என்று சொன்னார்கள்" என்றாள். கையில் ஏதாவது பட்டை கட்டியிருக்கிறார்களா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் கணவர் எடுத்துப் படித்தார்: கண்ணில் வாயு இருக்கிறது, விமானப் பயணம் கூடாது, உயரமான இடங்களுக்குப் போகக் கூடாது, மயக்க மருந்தில் நைட்ரஸ் ஆக்சைடு கூடாது. விமானம் என்ற சொல்லைக் கேட்டவள், உயரம் என்பதை மலைச் சாலையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. யாரும் உட்கார வைத்து விளக்கவும் இல்லை. "அக்கா, நீ வரவே கூடாது, குமிழ் கரைந்துவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வரவே கூடாது" என்று நான் போட்ட சத்தத்தில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

காரணம் எளிமையானது. அடிவாரத்தில் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பாட்டில் மேலே வந்ததும் எப்படி உப்புகிறதோ அப்படித்தான் அந்தக் குமிழும். வெளி அழுத்தம் குறைய வாயு விரியும், விரிய இடமில்லாமல் கண்ணின் உள் அழுத்தம் தாறுமாறாக ஏறும், விழித்திரைக்கு ரத்தம் ஊட்டும் தமனி நசுங்கினால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். காரில் ஒரு கணவாயைக் கடப்பதே போதும். வைத்த வாயுவைப் பொறுத்து அது முழுக்கக் கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். மலையில் வசிக்கும் ஒருவர் சமவெளிக்கு இறங்கிப்போய் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டால், குமிழ் கரையும்வரை வீடு திரும்பக் கூடாது, தங்க இடம் ஏற்பாடு செய்துகொண்டுதான் போக வேண்டும். இதை மருத்துவமனையில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: என் வீடு இத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று. கீழே இருக்கும் மருத்துவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

சிறுநீரகம். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டும், அதன் உட்பகுதி எப்போதும் ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளிம்பில்தான் வேலை செய்கிறது. சர்க்கரை நோயில் வடிகட்டப்படும் அதிகப்படியான குளுக்கோஸைத் திரும்ப உறிஞ்ச அது கூடுதலாக உழைக்கிறது, உழைப்பு என்றால் ஆக்சிஜன் செலவு. உயரத்தில் வாழ்பவர்களுக்கு, சர்க்கரை நோய் இல்லாவிட்டாலும்கூட, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவது, யூரிக் அமிலம் கூடுவது, ரத்த அழுத்தம் ஏறுவது, சிவப்பணுக்கள் மிகுவது எல்லாம் சேர்ந்து வருவதை மருத்துவர்கள் ஒரு தொகுப்பாகவே விவரித்திருக்கிறார்கள். நம் விஷயத்தில் இதனால் ஒரு சிக்கல்: சிறுநீரில் ஆல்புமின் வந்தால் அது சர்க்கரையாலா, உயரத்தாலா, இரண்டாலுமா? ஒரே ஒரு அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மேலே குடியேறும் முன்பே ஒரு முறை சிறுநீரில் ஆல்புமினையும், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினினையும் பார்த்து எழுதி வைத்துக்கொள்வது அவ்வளவு உபயோகமானது, பின்னால் ஒப்பிட ஓர் அளவாவது இருக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நியாயமாகாது. அமெரிக்காவில் டயாலிசிஸ் எடுக்கும் நோயாளிகளை ஒப்பிட்டபோது, உயரமான பகுதிகளில் வசிப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் அதிகமாகவும், எரித்ரோபொய்ட்டின் ஊசியின் தேவை குறைவாகவும் இருந்தது, இறப்பு விகிதமும் குறைவாகவே இருந்தது. பழுதான சிறுநீரகம்கூட ஆக்சிஜன் குறைவுக்குக் கொஞ்சம் பதில் சொல்கிறது. ஹிஃப்-ஐ நிலைக்க வைக்கும் ராக்ஸடுஸ்டாட் போன்ற மாத்திரைகள், உடம்பை உயரத்தில் இருப்பதாக நம்பவைத்துத்தான் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகையைச் சரிசெய்கின்றன. ஆகவே உயரம் சிறுநீரகத்துக்கு விஷம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கட்டத்தில் இருக்கிற சிறுநீரகம் என்பதுதான் கேள்வி.

ரத்தம் ஒரு அளவுக்கு மேல் கெட்டியானால் அது தனி நோய். 1925-ல் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மொங்கே விவரித்த நாள்பட்ட மலை நோய் இதுதான். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 21, பெண்களுக்கு 19 கிராமைத் தாண்டினால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள். கெட்டியான ரத்தம் நுண்குழாய்களில் மெதுவாக ஊர்கிறது, ஏற்கெனவே கெட்டுப்போன குழாய்களில் இன்னும் மெதுவாக. ஆண்டிஸிலும் திபெத்தியப் பீடபூமியிலும் வயதானவர்களை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள், சிவப்பணு மிகுதியும் ஆக்சிஜன் குறைவும் உள்ளவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அதாவது, உயரத்தை உடம்பு நன்றாகச் சமாளிக்கும் வரைதான் சர்க்கரைக்கு நன்மை, சமாளிப்பு தோற்கத் தொடங்கினால் நன்மையும் திரும்பிவிடுகிறது. திபெத்தியர்களுக்கு ஈபிஏஎஸ்1 என்ற மரபணுவின் சிறப்பு வடிவத்தால் ஹீமோகுளோபின் பொதுவாக அவ்வளவு ஏறுவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அவர்களுக்கு வாய்த்ததை, போன வருடம் பெட்டி படுக்கையோடு ஏறிய நமக்கும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை.

கால்களைப் பற்றிச் சுருக்கமாக: உணர்ச்சி மங்கிய பாதமும் குளிரும் சேர்ந்தால் ஆபத்து. விரல் உறைவது தெரியாது, காலணி கடிப்பது தெரியாது, சூடு வைத்துக்கொள்ள ஹீட்டர் அருகே நீட்டிய பாதம் வெந்து போவதும் தெரியாது. தினமும் இரவில் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட. தானியங்கி நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு கூடுதல் தொல்லை, ஆக்சிஜன் குறைந்தால் மூச்சையும் நாடித்துடிப்பையும் கூட்டச் சொல்லும் அனிச்சைச் செயலே மந்தமாகிவிடும், நெஞ்சு வலியும் தெரியாமல் போகலாம். உயரத்துக்குப் போகும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

அளக்கிற கருவிகள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், "குறைந்துவிட்டது" என்ற முடிவே அவற்றை வைத்துத்தானே வருகிறது. என் மேசையில் இரண்டு குளுக்கோமீட்டர்கள் இருக்கின்றன. ஒரே விரல், ஒரே சொட்டு ரத்தம், இரண்டு ஸ்ட்ரிப்பிலும் தொட்டு வைத்தால் ஒன்று எப்போதும் மற்றதைவிடத் தூக்கலாகவே காட்டுகிறது. ஸ்ட்ரிப் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள குறிப்பைப் படித்தால் காரணம் புரியும். ஒன்றில் இருக்கும் நொதி குளுக்கோஸ் ஆக்சிடேஸ், அது ஆக்சிஜனோடும் வினைபுரியும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால், இப்போதைய மின்வேதி வகை ஸ்ட்ரிப்களில் அளவு கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். மற்றதில் இருப்பது குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ், அதற்கு ஆக்சிஜன் ஒரு பொருட்டில்லை. இதோடு கெட்டியான ரத்தம் பல மீட்டர்களில் அளவைக் குறைத்துக் காட்டும், குளிர்ந்துபோன மீட்டர் அளக்கவே மறுக்கும். பெரும்பாலான மீட்டர்களின் கையேட்டில் எத்தனை மீட்டர் உயரம்வரை நம்பலாம் என்று எழுதியிருப்பார்கள், பலவற்றில் அது மூவாயிரத்தை ஒட்டி இருக்கும். உங்கள் வீடு அதற்கு மேலே என்றால், ஆய்வகத்தில் ரத்தநாளத்தில் எடுத்த ரத்தத்தோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எச்பிஏ1சி-யும் கேள்விக்கு அப்பாற்பட்டது இல்லை. சுமார் 120 நாள் வாழும் சிவப்பணுவின் மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்தச் சோதனை. உயரத்துக்கு வந்த புதிதில் உடம்பு புதுப்புது சிவப்பணுக்களை வேகமாக இறக்குகிறது, அவற்றின் மேல் சர்க்கரை ஒட்ட இன்னும் நேரமாகவில்லை, ஆகவே சராசரி குறைந்து காட்டும். உண்மையில் சர்க்கரை குறையாமலேயே எண் அழகாகிவிடும். பெரு நாட்டில் கடல் மட்டத்தில் வசிப்பவர்களையும் உயரத்தில் வசிப்பவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், எச்பிஏ1சி-க்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பே இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. ஒரு சோதனையை மட்டும் பார்த்து மாத்திரையைக் குறைக்காதீர்கள், எச்பிஏ1சி-யை வெறும் வயிற்று அளவோடும் சாப்பிட்ட பிறகு எடுத்த அளவோடும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்துகளில் சில விஷயங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நல்லவை, மேலே சொன்ன சிறுநீரகத்தின் கூடுதல் உழைப்பை இவை குறைக்கின்றன. ஆனால் சிறுநீரை அதிகமாக்கும், ரத்தத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கும், சாப்பிடாமல் வாந்தியோடு கிடந்தால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் அமிலப் பொருள்) ஏறும் அபாயம் உண்டு. உலர்ந்த காற்றும் பசியின்மையும் உள்ள இடத்தில் இவை மூன்றும் கூடுதல் கவனம் கேட்கின்றன. புதிதாக ஏறியவர்களுக்கு வரும் மலை நோய்க்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும், டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை எகிற வைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் இல்லை இவை. இன்சுலின் உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது, பார்க்கத் தெளிவாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். குளிர் இரவில் இன்சுலின் பேனாவை உடம்போடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். உயரம் ஏறும்போது பேனாவில் ஊசி மாட்டியபடியே இருந்தால் காற்றுக் குமிழ் சேரும். இன்சுலின் பம்ப் பயன்படுத்துபவர்களுக்கு, அழுத்தம் சட்டென்று குறையும்போது குமிழ்கள் விரிந்து கொஞ்சம் அதிக இன்சுலின் உள்ளே தள்ளப்படலாம். இதெல்லாம் தெரிந்து திட்டமிட்டால் முடியாதது இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் டைப் 1 நோயாளியான ஆஸ்திரியாவின் கெரி விங்க்லர் 2006-ல் எவரெஸ்ட் உச்சிக்கே போய் வந்தார்.

ஒரு நெருக்கடியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்வேன். தலைவலி, குமட்டல், வாந்தி, அசதி, தடுமாற்றம்: மலை நோய்க்கும் இதே அறிகுறி, சர்க்கரை இறங்கினாலும் இதே போலத்தான், கீட்டோன் ஏறினாலும் ஏறக்குறைய இதேதான். "ஹைட்டுக்கு அப்படித்தான் இருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். முதலில் சர்க்கரையைப் பாருங்கள், அடுத்து கீட்டோன் ஸ்ட்ரிப், அப்புறம் உயரத்தைக் குற்றம் சொல்லலாம். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலோ சர்க்கரை என்ன காட்டினாலும் அன்றைக்கே கீழே இறங்க வேண்டும்.

மேலே பல ஆண்டுகள் இருந்துவிட்டுச் சமவெளிக்குத் திரும்புகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஆக்சிஜன் கூடியதும் தசை வாயில்களுக்குக் கிடைத்த அந்தத் துணை போய்விடும், சிவப்பணு உற்பத்தி சுருங்கும், நடையும் பெரும்பாலும் குறைந்துவிடும். மேலே போதுமானதாக இருந்த மருந்து கீழே போதாமல் போகலாம். சிவப்பணுக்களின் சராசரி வயது கூடுவதால் எச்பிஏ1சி தன் பங்குக்கு ஏறிக் காட்டவும் செய்யும். ஆகவே இறங்கிய முதல் மூன்று மாதம் அந்த ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாமல், விரல்நுனிச் சோதனைகளை நாள், நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், எத்தனை மீட்டரிலிருந்து இறங்கி வந்திருக்கிறீர்கள் என்பதையும் அந்த நோட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.